நிற்காத டிரெய்லருக்கு பிரேக்

ஓடுகிற வண்டிக்குக் கூடவே நடந்து, புருஷனுக்குச் சோத்துப் போசியை எட்டிக் கொடுத்து, இரண்டு வருஷத்துக்கு மேலே குடித்தனம் நடத்தின பொம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? இல்லையென்றால் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள், அது நான்தான். பேர் கோகிலவாணி, ஊர் ஆனைக்கரடு, படிப்பு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எது பத்தொன்பது எது என்று சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன், ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். சொந்தமாக ஒரு டிராக்டர், அதன் பின்னால் நாலு சக்கர டிரெய்லர். டிரெய்லருக்கென்று தனியாகப் பிரேக் கிடையாது. எங்கள் பக்கத்தில் எந்த டிரெய்லருக்கும் கிடையாது. முன்னால் போகிற டிராக்டர் நின்றால் பின்னால் வருவதும் நின்றுதானே ஆகவேண்டும் என்பது எல்லோருடைய நம்பிக்கை, மேட்டில் நிறுத்த நேர்ந்தால் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை உருட்டிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவருக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயில் பிரேக் செட் ஒன்று வாங்கிவந்தார். டிரம், லைனிங் ஒட்டின ஷூ, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சின்ன சிலிண்டர், பெடலோடு சேர்ந்த பெரிய சிலிண்டர், இழுத்துக் கட்டக் குழாய் எல்லாமாக ஒரு பெட்டி. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்து, “ஞாயித்துக்கெழம மாட்டிப்போடறேன் வாணி” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கட்டுச்சோறு. ஒன்பதாம் மாதம், அம்மா வீட்டிலிருந்து புளிச்சோறும் தக்காளிச்சோறும் தயிர்ச்சோறும் குண்டா குண்டாகக் கட்டிக்கொண்டு ஒரு வேன் நிறைய ஒறம்பரைச் சனம் வந்து இறங்குகிறது, இவர் வாசலில் பழைய லுங்கியோடு டிரெய்லருக்கு அடியில் படுத்துக்கிடக்கிறார். 

“பிரேக் எங்கீங்க மாமா ஓடிப்போகுது? அடுத்த வாரம் மாட்டிக்கலாம், எந்திரிச்சு வேட்டியக் கட்டுங்க” என்று சொன்னது நான். வேறு யாரும் இல்லை, நான்தான். எழுந்து, கையைத் துடைத்து, வேட்டி கட்டி, என் கன்னத்தில் சந்தனம் பூசினார். அதில் கொஞ்சம் கிரீஸ் வாசனை இருந்தது.

அம்மா வீட்டுக்குப் போன நாலாம் நாள் போன் வந்தது. எங்கள் டிராக்டரை ஓட்டுகிற பொன்னுத்துரை அண்ணன்தான் பேசினார். 

“அம்மிணி, கரட்டு மேட்டுல டிராக்டரோட பூட்டற கொண்டி முறிஞ்சு டிரெய்லர் கழண்டிருச்சு.” 

“அவரு?” 

“மேல ஏறிக் கவுறு இறுக்கிட்டு இருந்தாப்ல. வண்டி பின்னால உருண்டுருச்சு.” 

“அவருக்கு என்னாச்சுங்ணா?” 

“இன்னும் ஓடிட்டே இருக்காப்ல அம்மிணி, நீயே வந்து பாரு” என்றார். 

போய்ப் பார்த்தேன். கரட்டு மேட்டிலிருந்து இரண்டு வளைவு தாண்டி உருண்டு வந்த லோடு, வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதி எல்லாம் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் மோதவில்லை. ஒரு மனுஷன் வீசி நடக்கிற வேகத்துக்குக் குறைந்து, பாலத்தைத் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, மாரியம்மன் கோயிலைச் சுற்றி, பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், வாய்க்கால் கரை என்று வந்து மறுபடியும் கரட்டு அடிவாரம் போய்த் திரும்பியது, மேடானாலும் அதே வேகம், பள்ளமானாலும் அதே வேகம், இழுக்க ஆளில்லை, தள்ள ஆளில்லை, மேலே பச்சைக் கரும்புக் கட்டின் மேல் என் வீட்டுக்காரர் கையில் கயிற்று நுனியோடு உட்கார்ந்திருந்தார்.

“எறங்கி வாங்க மாமா.” 

“அதுக்குத்தான் பாக்கறேன், முடியல வாணி.” 

காலைத் தொங்கவிட்டால் கரும்புக் கட்டு அவர் காலுக்கு ஏற்ற மாதிரி உயர்ந்தது. ஏணி சாத்தினால் ஏணிக்கு ஏற்ற மாதிரி உயர்ந்தது. நாங்கள் மேலே ஏறிப் போய்வர முடிந்தது, அவருக்குத்தான் இறக்கம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பத்துப்பேர் சேர்ந்து மணல் மூட்டையை அடுக்கி வழியை மறித்துப் பார்த்தார்கள். டிரெய்லர் மூட்டையில் ஏறித் தயங்கியது. தயங்கின அந்தக் கணத்திலேயே அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, என் கையைப் பிடித்திருந்த விரல்கள் கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டன, வாயிலிருந்து என் பேரில் பாதிதான் வந்தது. “எடுங்கடா மூட்டைய!” என்று என் மாமியார் கத்தின கத்தலில் எல்லோரும் மூட்டையைப் பிடுங்கி எறிந்து பின்னால் நின்று தள்ளினார்கள், சக்கரம் உருண்டது, அவர் முகத்தில் ரத்தம் ஏறியது, என் பேரின் மீதிப் பாதியையும் சொன்னார். ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டி நின்றால் அவரும் நின்றுவிடுவார்.

அதற்குப் பிறகு ஆனைக்கரடு ஊரே ஒரு வண்டியை நிற்காமல் பார்த்துக்கொள்கிற ஊராகிப்போனது. தெருவில் இருந்த மூன்று வேகத்தடையையும் ஒரே காலையில் கொத்தி எடுத்தார்கள். பதினோரு வருஷமாக மனுக் கொடுத்து வராத தார் ரோடு ஒரு மாதத்தில் வந்தது, குழி விழுந்தால் பார்த்தவர்கள் பார்த்த இடத்திலேயே மண்ணள்ளி நிரவினார்கள். மினி பஸ்காரர் வளைவில் ஒதுங்கி நின்று ஆரன் அடிக்காமல் வழிவிடப் பழகினார். மாரியம்மன் நோம்பியில் தேரே ஒரு ஓரமாக நின்று டிரெய்லரை முன்னால் விட்டது, பூசாரி அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வெற்றிலைத் தட்டோடு கூடவே நடந்து, தேதி, மண்டபம், முகூர்த்தம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். ரேசன் கடைக்காரர் விரல் ரேகை வைக்கிற பெட்டியை நீட்டிக்கொண்டு ஓடிவருவார். “சென்னியப்பா, வெரல நல்லா அழுத்து, போன மாசமும் பதியல.” “நீ ஆடாம நடந்தாத்தானப்பா பதியும்!” மேட்டுத்தெருப் பெண்கள் பால் கேனை டிரெய்லரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், சொசைட்டியில் இறக்கிக்கொள்வார்கள். கரும்பு வாடவில்லை. அவர் தலைமுடியும் வளரவில்லை. முடிவெட்டுகிற ஆறுமுகம் மாதத்துக்கு ஒருதரம் கத்திரியோடு வந்து, அண்ணாந்து பார்த்து, சலித்துக்கொண்டு போவார்.

எனக்குப் பிள்ளை பிறந்ததும் அந்தச் சுற்றில்தான் நடந்தது என்று சொல்லலாம், வலி கண்டு ஆட்டோவில் ஏறினபோது டிரெய்லர் வாய்க்கால் கரையில் இருந்தது, பதினாறாம் நாள் துணியில் சுற்றி எடுத்துவந்து நடந்துகொண்டே மேலே நீட்டினேன், இரண்டு கையாலும் வாங்கி, “எத்தாச்சோடு கனமா இருக்கறா பாரு!” என்று சிரித்தார். ஓவியா என்று பேர் வைத்தோம். அவள் தொட்டிலையும் டிரெய்லரிலேயே கட்டினேன். தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு எழுந்தாள், டிரெய்லரின் பின்பலகையைப் பிடித்தபடிதான் முதல் அடி எடுத்து வைத்தாள். ஒறம்பரையில் ஒரு பெரியம்மா மட்டும், “புருசன் இருக்கறானா இல்லியான்னே தெரியல, இவ பாரு பூ வெச்சுட்டுத் திரியறா” என்று சாடை பேசினாள். “தெரியலைன்னா போய் அவரையே கேளுங்க பெரியம்மா, இப்பத்தான் கோயிலத் தாண்டறாரு” என்றேன். சிரிக்காவிட்டால் நான் எப்படி நடந்திருப்பேன் அத்தனை தூரம்?

ஆனால் அவர் தூங்கவில்லை. இரண்டு வருஷம், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கொண்டி முறிகிற சத்தம் கேட்கிறது என்றார். முதல் வருஷம் அதைக் கிண்டலாகச் சொன்னார், இரண்டாம் வருஷம் சொல்வதையே விட்டுவிட்டார், மூன்றாம் கரும்பு வெட்டு தொடங்கின நாள் சோத்துப் போசியை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். 

“வாணி, கட்டலுக்கு அடியில பொட்டி இருக்குதல்லொ?” 

“எந்தப் பொட்டிங்க?” எனக்குத் தெரியாதா என்ன. 

“மாட்டிப்போடு.” 

“ஓடற வண்டிக்கா?” 

“நான் சொல்லச் சொல்ல மாட்டு.”

மாமியாருக்குத் தெரிந்ததும் தெருவில் நின்று அழுதார். “என்ற பையன நிறுத்தப் பாக்கறயாடி? ஊரே ஓட்டுது, நீ நிறுத்தறயா?” மாட்டுவது வேறு, மிதிப்பது வேறு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

சின்னச் சக்கரம் வைத்த தள்ளு ஜாக்கி ஒன்றை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கினேன். பொன்னுத்துரை அண்ணன் அதை டிரெய்லரின் அச்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, வண்டியோடு வண்டியாக அதுவும் தார் ரோட்டில் உருண்டுவர, நான் பக்கவாட்டில் பலகையில் குந்திக்கொண்டு பின்சக்கரத்தைக் கழற்றினேன். முதலில் தகடு, தகட்டில் சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் ஷூ, இழுத்து வைக்க ஸ்பிரிங், எல்லாவற்றையும் மூடி டிரம். “ஷூமேல கிரீஸ் படக்கூடாது, வெரலக்கூட வெக்காத” என்று மேலேயிருந்து குரல் வரும். “வெக்கலீங்க, கண்ணு இருக்குது எனக்கு.” “ஸ்பிரிங்கு சுருண்ட பக்கம் உள்ள வருதா?” “வருதுங்க, வருதுங்க.” கோயிலடியில் தொடங்கின ஒரு நட்டை இறுக்கி முடிக்கும்போது பால் சொசைட்டி தாண்டியிருக்கும். இரண்டு பின்சக்கரத்துக்கும் இரண்டு வாரம். அடிச்சட்டத்தோடு குழாயை ஒட்டிப் பிடித்து முன்னால் கொண்டுபோய், பெரிய சிலிண்டரையும் பெடலையும் முன்பலகைக்குக் கீழே பூட்டி, ஆயில் ஊற்றினேன்.

ஆயில் ஊற்றிவிட்டால் முடிந்துவிடாது. குழாய்க்குள் காற்று இருக்கும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி போகும், பிடிக்காது. காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மிதித்துப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தில் இருக்கிற திருகைத் திறந்து மூட. அவர் கரும்புக் கட்டிலிருந்து நீளமான கழி ஒன்றை உருவி, மேலே இருந்தபடியே அதன் அடியால் பெடலை அழுத்தினார். நான் பின்சக்கரத்தோடு நடந்தேன். 

“புடிச்சிருக்கறேன்!” 

“தொறந்துட்டேனுங்க!” 

“மூடு!” 

“மூடிட்டேன்!” 

திருகில் செருகின டியூபின் மறுமுனை பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் குமிழ் குமிழாக விட்டது. இரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான். ஊரில் யாரும் கிட்டே வரவில்லை. குமிழ் நின்றது, வெறும் ஆயில் மட்டும் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, காற்று எல்லாம் போய்விட்டது. 

“எப்படி இருக்குது?” என்றார். 

“இன்னும் காத்து வருதுங்க” என்றேன்.

அப்படித்தான் அடுத்த ஆறு மாதம் போனது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காற்றெடுப்போம். நான் யாரும் பார்க்காதபோது திருகைக் கால் சுற்று தளர்த்தி வைப்பேன், ஆயில் கசியும், காற்று ஏறும், வெள்ளிக்கிழமை காற்றெடுப்போம். ஆனால் ஒரு நாளும் அந்தப் பிரேக்கை நான் கவனிக்காமல் விட்டதில்லை. டப்பாவில் ஆயில் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பேன், டிரம்முக்குள் சேர்ந்த மண்ணைத் துடைப்பேன், ரப்பர் கப்பு தடித்திருந்தால் மாற்றுவேன், ஷூவை டிரம்மில் உரசாதபடி, ஆனால் மிதித்தால் உடனே பிடிக்கிறபடி ஒரு மயிரிழை விட்டு முறுக்கி வைப்பேன். ஒருதரம்கூட மிதிக்காத ஒரு பிரேக்கை இந்த உலகத்தில் யாரும் அவ்வளவு நன்றாகப் பராமரித்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் ஆயில் டப்பாவை எடுத்து வைத்தபடி, “மறுபடியும் காத்தா அம்மிணி?” என்பார். “ஆமாங்ணா, காத்துதான்” என்பேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் அடித்தது. டிரம்முக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு விடிகாலை, யாரும் மிதிக்காமலேயே இடது பக்க ஷூ துருவேறிக் கவ்விக்கொண்டது. சக்கரம் தார் ரோட்டில் தேய்ந்து கோடு கிழித்தது, டிரெய்லர் இழுபட்டு இழுபட்டு நடந்தது, நான் ஓடிப்போனபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. சுத்தியலால் டிரம்மை நாலு அடி அடித்து விடுவித்தேன். அவருக்குப் பேச்சு திரும்பக் கோயில் வரைக்கும் ஆனது.

“காத்து எங்கிருந்து வருது வாணி?” 

நான் தலை குனிந்தபடி நடந்தேன். 

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? கரும்புல அழுத்தறவனுக்குக் கையில தெரியாதா? மொத வாரமே பெடலு கல்லாட்டம் நின்னுது.” 

“அப்ப நீங்களே அழுத்தியிருக்கலாமல்லங்க!” கோபமாகத்தான் கேட்டேன். 

“கரும்பு முறிஞ்சிரும். லோடு நிறுத்த ஒரு ஆளு ஏறி நின்னு மிதிக்கோணும்.” கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “மிதிக்காமயே வெச்சிருந்தா அது ஒரு நாளைக்குத் தானாப் புடிச்சுக்கும். நீ இல்லாத நேரமாப் பாத்துப் புடிச்சுக்கும். எனக்கு அப்படி வேண்டாம்.”

அதற்கும் நான் சரி என்று சொல்லவில்லை. சொல்ல வைத்தது அங்கன்வாடி ஜெயசீலி டீச்சர். ஓவியாவைச் சேர்த்து ஒரு வாரம். சாயங்காலம் டீச்சரே டிரெய்லர் கூட நடந்து வந்தாள். 

“வாணிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா நல்லாப் பேசறா, பாட்டுப் பாடறா. ஆனா நிக்க மாட்டீங்கறா.” 

“நிக்க மாட்டீங்கறான்னா?” 

“வரிசையில நில்லுன்னா நடக்கறா. முட்டை குடுத்தா நடந்துட்டே திங்கறா. தூக்கம் வந்தா நடந்துட்டே சொக்கறா, நாங்க புடிச்சுப் படுக்க வெக்கறோம். கீழ விழுந்தா அழுவாம எந்திரிச்சு மறுபடியும் நடக்கறா.”

நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். ஓவியா பின்பலகையை ஒரு கையால் பிடித்தபடி நடந்துவந்தாள். ஓடுகிற வண்டியில் நடை பழகின பிள்ளை. நிற்பது என்று ஒன்று இருப்பது அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 

“நாளைக்கு மத்தியானம்” என்றார் அவர். “வெயிலு இருக்கறப்ப.”

மறுநாள் ஊர் முழுக்கத் தெருவின் இரண்டு பக்கமும் நின்றது, யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். பால் கேன் வைக்கிற பெண்கள் வந்தார்கள், மினி பஸ்காரர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு வந்தார், ஆறுமுகம் கத்திரி இல்லாமல் வந்தார். பொன்னுத்துரை அண்ணன் டிரெய்லரோடு நடந்து, “நான் மிதிக்கறேன் மாப்ள, அது பொம்பளப் புள்ள, அதுக்கு எதுக்கு இந்தப் பாவம்” என்றார். 

“வேண்டாங்ணா” என்றார் என் வீட்டுக்காரர். “நீங்க மிதிச்சா என்னயக் கொன்ன மாதிரி ஆயிரும். அவ மிதிச்சா நிறுத்துன மாதிரி.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமியார் வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் இலவம்பஞ்சுத் தலகாணி ஒன்று இருந்தது, புது உறை போட்டது. நடந்துகொண்டே எட்டித் தலைக்கு மேலே நீட்டினார். “இந்தா சாமி. தலைக்கு வெச்சுக்க” என்றார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, கரும்புக் கட்டின் மேல் வைத்து, கையால் ஒருதரம் தட்டிச் சரிசெய்தார். நான் ஓவியாவை மேலே தூக்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அவளை வாங்கிக்கொண்டாள்.

நான் முன்பலகையில் ஏறிப் பெடலுக்கு மேலே நின்றேன். முந்தின ராத்திரியே திருகை இறுக்கி, காற்றெடுத்து, ஆயில் கோட்டுக்கு மேல் ஊற்றி வைத்திருந்தேன். ஒரு வேலையைச் செய்தால் சரியாகச் செய்யவேண்டும், அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. 

“எடுத்ததும் ஒரேயடியா மிதிக்காத, லோடு முன்னால தள்ளும். உட்டு உட்டு மிதி.” 

“செரிங்க.” 

“அன்னிக்கு ஞாயித்துக்கெழம...” என்று தொடங்கினார். 

“அதச் சொல்லாதீங்க மாமா.” 

“கேளு. மாட்டியிருந்தா, நீ கட்டுச்சோத்துக்கு உக்காந்திருந்தத நான் பாத்திருக்க மாட்டேன். பாத்தது நல்லதுதான்.”

ஒருதரம் மிதித்தேன், பல்லைக் கடித்த மாதிரி சக்கரம் முனகியது. விட்டேன். இரண்டாம் தரம் மிதித்தேன், கரும்புத் தோகை எல்லாம் முன்பக்கம் சாய்ந்தது. விட்டேன். “நல்லாப் புடிக்குது வாணி” என்று பின்னாலிருந்து சொன்னார், கெட்டிக்காரப் பிள்ளையின் பரீட்சைத் தாளைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. மூன்றாம் தரம் என் முழு உடம்பையும் ஏற்றி மிதித்தேன். 

டிரெய்லர் பால் சொசைட்டிக்கு முன்னால் நின்றது. 

திரும்பிப் பார்த்தபோது கரும்பு முழுக்க இரண்டு வருஷத்துச் சருகாக வெளுத்திருந்தது, அவர் தலகாணியில் கன்னத்தை வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்த ஆள் மாதிரி, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மாமியார்தான் முதலில் பேசினார். “தூங்கறான்” என்றார். “சத்தம் போடாதீங்க.”

அன்றிலிருந்து எங்கள் ஊரில் பிரேக் இல்லாத டிரெய்லர் கிடையாது. எல்லாவற்றுக்கும் நான்தான் மாட்டினேன், வருஷத்துக்கு ஒருதரம் பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புது ஆயில் மாற்றுவதும் நான்தான், வெட்டுக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று எவராவது சொன்னால் என் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. 

ஆனால் அது பின்னால் நடந்தது. முதல் ஒரு மாதம், காரியம் எல்லாம் முடிந்து ஒறம்பரை எல்லாம் போன பிறகும், காலையில் சோறாக்கினதும் என் கால் தானாக வெளியே வந்துவிடும். போசியைத் தூக்கிக்கொண்டு கோயில், சொசைட்டி, பள்ளிக்கூடம், வாய்க்கால் கரை, கரட்டு அடிவாரம் என்று அதே வேகத்தில் நடப்பேன், பக்கத்தில் ஒன்றும் உருளாத ரோட்டில். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஒரு வண்டியை நிற்காமல் பார்த்துக்கொண்ட ஊருக்கு ஒரு பொம்பளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா. சாப்பிட மாட்டேன், உட்கார மாட்டேன், நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அங்கன்வாடி வாசலைத் தாண்டும்போது ஓவியா வாசற்படியில் இருந்தாள். நடக்கவில்லை. இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், கொஞ்சம் ஆடினாள், ஆனால் நின்றாள். நான் பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனேன். அவள் ஓடிவந்து என் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தாள், நான் நடக்க நடக்கக் கூடவே இழுபட்டு வந்தாள், பிறகு இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். 

“அம்மா, நில்லும்மா.”